குண்டு எங்கே இருக்கிறது? கேரவன் இழுக்க ஹிட்ச் வாங்குவதற்கு முன்

சிங்கப்பூரின் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகும்போது முன்னால் கன்டெய்னர் இழுத்துப் போகும் பிரைம் மூவரைக் கொஞ்சம் கவனியுங்கள். 40 அடிக் கன்டெய்னரின் முன்பாரம் முழுவதும் ஐந்தாம் சக்கரம் என்று சொல்கிற அந்த இரும்புத் தட்டில் உட்கார்ந்திருக்கும். தட்டுக்குள் பூட்டிக்கொள்ளும் கிங்பின்னின் தடிமன் ஏறக்குறைய 50 மி.மீ. ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் கேரவன் மாட்டுகிற இரும்புக் குண்டின் விட்டமும் 50 மி.மீ. அளவு ஒன்றுதான், இடம்தான் வேறு. பிரைம் மூவரில் அந்தத் தட்டு பின் அச்சுகளுக்கு மேலேயே இருக்கிறது. காரில் குண்டு பின் அச்சையும் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. காரையும் கேரவனையும் இணைக்கிற கருவியான ஹிட்ச் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஒரு மீட்டரிலிருந்துதான் வருகிறது.

தமிழில் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை போடுகிற வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற, படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லரைப் பற்றி. சிங்கப்பூரில் அதற்கு வேலையில்லை. பள்ளி விடுமுறைக்குப் பெர்த் பக்கம் போகிறவர்கள், அங்கேயே குடியேறிய அண்ணன் தங்கை வீட்டுக் காரையும் கேரவனையும் வாங்கிக்கொண்டு வடக்கே எக்ஸ்மவுத் வரை ஓட்டத் திட்டமிடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் இது தேவைப்படும். வாடகைக் காரில் இழுக்கலாம் என்று நினைத்தால் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இழுவைக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும்.

ஹிட்ச் காரின் பலத்தைக் கூட்டாது. எவ்வளவு விலையுள்ள கருவியை மாட்டினாலும் காரின் தகட்டில் எழுதியிருக்கிற எண் ஒரு கிலோகூட ஏறாது. அதனால் எடைக்கணக்குதான் முதலில், கடை அப்புறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆடுகிறது என்றவுடன் ஆட்டத்தடுப்பு வாங்குகிறார்கள், பின்பக்கம் தாழ்கிறது என்றவுடன் காற்றுப்பை வாங்குகிறார்கள்.

எண்களைப் பார்ப்போம். ஆஸ்திரேலியக் கேரவனின் தகட்டில் ஏ.டி.எம். என்று ஒன்று இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. சாமான் எல்லாம் ஏற்றியபின் கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை. அதில் ஒரு பங்கு குண்டின் மேல் இறங்கும், மீதி கேரவனின் சொந்தச் சக்கரங்களில் இறங்கும். சக்கரங்களில் இறங்குகிற அந்த மீதிக்கு ஜி.டி.எம். என்று பெயர். காருக்கு ஜி.வி.எம்., அதாவது ஆள், சாமான், குண்டில் இறங்கும் பாரம் எல்லாம் சேர்த்துக் காரின் உச்ச எடை. காரும் கேரவனும் சேர்ந்த உச்சம் ஜி.சி.எம்.

விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். ஒரு கற்பனைக் காரை வைத்துப் பார்க்கலாம்: வெறும் எடை 2,250, ஜி.வி.எம். 3,000, ஜி.சி.எம். 5,850. காரை முழுதாக நிரப்பி 3,000 ஆக்கிவிட்டால் கேரவனின் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 2,850தான். இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். காருக்குள் ஏற்ற 750 கிலோ இடம் இருக்கிறது. குண்டில் 240 போனால் 510. காரின் பின்னால் குண்டைத் தாங்குகிற டோ பார் 30, மிச்சம் 480. நான்கு பேர் 270, மிச்சம் 210. குளிர்பெட்டி, கருவிப்பெட்டி, கூரைச் சட்டம், பைகள் எல்லாம் சேர்த்து 150. மிச்சம் 60 கிலோ. அந்த 60தான் இந்தக் காரின் உண்மையான இடைவெளி. 3,500 என்ற எண்ணை அது நெருங்கக்கூட விடாது.

கேரவனிலும் இதே கதைதான். வெறும் எடை என்று எழுதியிருப்பதில் தண்ணீரும் சாமானும் சேராது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 9 கிலோ எரிவாயு உருளை நிரம்பியிருந்தால் உருளையோடு சேர்த்து 18 கிலோ பக்கம் வரும், அதுவும் இரண்டு இருக்கும். தகட்டை நம்பிக் கணக்குப் போடாமல் எடைமேடைக்குப் போங்கள். முதலில் எல்லாம் ஏற்றி, கேரவனை மாட்டியபடியே காரின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுங்கள். அடுத்து கேரவனின் சக்கரங்களை மட்டும். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டுக் காரைத் தனியாக. மாட்டியிருந்தபோது காரின் எடை, தனியாக இருந்தபோது காரின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குண்டு எடை.

எடைமேடை பக்கத்தில் இல்லையென்றால் குளியலறைத் தராசும் ஒரு கனமான பலகையும் போதும். பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் ஒரே மட்டத்தில் வையுங்கள். இரண்டு தாங்குபுள்ளிகளுக்கும் நடுவே சரியாக 120 செ.மீ. செங்கல் பக்கத்துப் புள்ளியிலிருந்து 30 செ.மீ. தள்ளி கேரவனின் மூக்கை, அதாவது குண்டின் மேல் பூட்டுகிற முன்முனையை, இறக்குங்கள். தராசு நான்கில் ஒரு பங்கைத்தான் காட்டும். பலகை மட்டும் இருக்கும்போது காட்டிய எடையைக் கழித்துவிட்டு நான்கால் பெருக்கினால் குண்டு எடை. தராசு 60 காட்டினால் 240. கேரவனின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். மூக்கு காரில் மாட்டும் உயரத்திலேயே இருக்க வேண்டும். தாழ்த்திவைத்து அளந்தால் எண் மாறிவிடும்.

ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் 10 விழுக்காடு குண்டில் இறங்குவது நல்லது என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். ஐரோப்பியக் கேரவன்கள் அதைவிடக் குறைவாக, 5 முதல் 7 விழுக்காட்டில் ஓடுகின்றன. குண்டு எடை மிகவும் குறைந்தால் கேரவன் வாலாட்டும். மிகவும் கூடினால் காரின் முன்பக்கம் தூக்கி, முன்சக்கரங்களில் பாரம் குறையும்.

அந்தத் தூக்கல் எவ்வளவு என்று பார்ப்போம். குண்டில் 240 கிலோ. குண்டு பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். 240 பெருக்கல் 1.3, வகுத்தல் 2.8: முன் அச்சிலிருந்து 111 கிலோ கழிகிறது. அந்த 111உம் பின் அச்சுக்கே போவதால் அங்கே கூடுவது 240 இல்லை, 351. ஜி.வி.எம். வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் தனி வரம்பைத் தாண்டிவிடுவது இப்படித்தான். திருப்புகிறதும் பிரேக்கின் பெரும்பங்கைச் செய்கிறதும் முன்சக்கரங்கள். அவற்றின் பிடியிலிருந்துதான் 111 கிலோ போயிருக்கிறது. இரவில் எதிரே வருகிறவர் விளக்கடித்துத் திட்டுவதற்கும் இதுவே காரணம். காரின் மூக்கு தூக்கியதால் உங்கள் விளக்கு அவர் கண்ணில் அடிக்கிறது.

பின்பக்கம் தாழ்கிறது என்று சுருள் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைப்பவர்கள் உண்டு. காற்றடித்தால் பின்பக்கம் உயரும், கார் மட்டமாகத் தெரியும். ஆனால் அந்த 111 கிலோ முன்னால் திரும்பிவரவில்லை, அச்சுகளில் எடை அப்படியே இருக்கிறது. பார்க்க மட்டும் சரியாக இருப்பதால் இது கூடுதல் ஆபத்து என்பது என் கருத்து. பின்னால் திறந்த சாமான் தட்டுள்ள இரட்டை அறை யூட் வண்டிகளில் காற்றுப்பையோடு அதிக குண்டு எடையும் சேர்ந்து வண்டியின் சட்டமே வளைந்துபோனது உண்டு.

எடையை முன்னால் திருப்பி அனுப்புவது எடைப்பகிர்வு ஹிட்ச். டோ பாரின் சதுரக் குழலான ரிசீவருக்குள் போகும் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் பார்கள் கேரவனின் முன்சட்டத்துக்கு அடியில் நீளும். அவற்றின் முனையைச் சங்கிலியால் சட்டத்தோடு இழுத்துப் பூட்டுவார்கள். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவது போல அந்தப் பார்கள் காரின் பின்பக்கத்தை நெம்புகின்றன. ஒரு பங்கு எடை முன் அச்சுக்குப் போகிறது, இன்னொரு பங்கு கேரவனின் அச்சுக்குப் போகிறது. ஆனால் குண்டின் வரம்பு இதனால் ஏறாது. 250 கிலோதான் தாங்கும் என்ற டோ பாருக்கு 300 கிலோவை இறக்கிவிட்டு, எடைப்பகிர்வு இருக்கிறதே என்று சொல்ல முடியாது. சில டோ பார்களின் தகட்டில் எடைப்பகிர்வோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். அப்படி எழுதியிருந்தால் மட்டுமே பெரிய எண் செல்லும். காரின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் இந்தக் கருவியே வேண்டாம் என்கிறார்கள். உந்துபிரேக் கேரவன் என்றால் இன்னொரு சிக்கல். அதில் மூக்குப்பகுதி பின்னோக்கி நகர்ந்துதான் பிரேக் பிடிக்கும். ஸ்பிரிங் பார்கள் அந்த நகர்வைத் தடுத்துவிடக்கூடும். மூக்கைச் செய்தவர் அனுமதித்திருந்தால் தவிர இரண்டையும் சேர்க்காதீர்கள்.

பார்களை உண்மையான குண்டு எடைக்குப் பார்த்து எடுக்க வேண்டும். 240 கிலோவுக்கு 450 கிலோ பார் போட்டால் அது வளையவே வளையாது. ஒவ்வொரு குழியிலும் அடி முழுவதும் சட்டத்துக்குப் போகும். இளசான பார் போட்டால் கடைசிக் கண்ணி வரை இழுத்தும் காரின் மூக்கு இறங்காது.

பொருத்தும்போது அளவுநாடா இல்லாமல் தொடங்காதீர்கள். சமதளம், காரில் வழக்கமான சாமான், பெட்ரோல் நிரம்பிய தொட்டி. முன்சக்கர மையத்துக்கு நேர்மேலே, சக்கரத்துக்கு மேலுள்ள உடல் வளைவின் விளிம்பிலிருந்து தரை வரை அளவு எடுங்கள், 860 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பார்கள் இல்லாமல் கேரவனை மாட்டுங்கள்: 884. அதாவது காரின் மூக்கு 24 மி.மீ. தூக்கியிருக்கிறது. இப்போது பார்களை மாட்டி இறுக்கி, இழந்ததில் பாதியைத் திரும்பப் பெற்று 872க்குக் கொண்டுவாருங்கள். பாதி போதும் என்பதே பல தயாரிப்பாளர்களின் கணக்கு. உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படி செய்யுங்கள். 860க்குக் கீழே ஒருபோதும் போகவேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரம் பிடியை இழந்து, மழையில் வளைவில் கார் சுழலும்.

சங்கிலியைப் பூட்டும்போது வெறும் கைபலத்தால் நெம்பாதீர்கள். முதலில் மூக்கைக் குண்டில் பூட்டுங்கள். பிறகு கேரவனின் ஜாக்கியைச் சுற்றிச் சுற்றி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். அப்போது பார்கள் தளர்ந்துவிடும். இரண்டு விரலால் சங்கிலியைக் கொக்கியில் போடலாம். பிறகு இறக்குங்கள், பாரம் தானாக ஏறிக்கொள்ளும். உயர்த்தாமல் நீண்ட குழாயால் நெம்பினால், கை நழுவிய நொடியில் குழாய் தாடையை நோக்கிப் பாயும். கழற்றும்போதும் அதே முறைதான். கார் வளைந்து நிற்கும்போது கழற்றவே கூடாது. ஒரு பக்கத்துப் பாரில் இறுக்கம் தாறுமாறாக இருக்கும்.

மாட்டியபின் ஒரு சோதனை இருக்கிறது, அரை நிமிடம்தான் ஆகும். நெம்புகோல் கீழே விழுந்துவிட்டது, பூட்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் மூக்கு குண்டுக்குள் இறங்காமல் அதன் தலைமேல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெம்புகோல் அப்படித்தான் தெரியும். அதனால் ஜாக்கியை மறுபடி சுற்றுங்கள். காரின் பின்பக்கம் இரண்டு மூன்று செ.மீ. கூடவே எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. மூக்கு மட்டும் எழுந்தால் விழவில்லை.

குண்டு வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. ஆஸ்திரேலிய மூக்கு 50 மி.மீ. இந்த 0.8 மி.மீ. வித்தியாசத்தில் பூட்டு முழுதாக மூடாமல் போகலாம். மாறாக 2 அங்குல மூக்கை 50 மி.மீ. குண்டில் போட்டால் ஆட்டம் இருக்கும், தேய்மானத்தோடு சேர்ந்து குழியில் கழன்றுவிடும் அபாயமும் உண்டு. தண்டின் தடிமனும் துளையும் பொருந்த வேண்டும். நட்டை முறுக்குவிசைச் சாவியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். 1 அங்குலத் தண்டுள்ள அமெரிக்கக் குண்டுக்கு 250 அடி-பவுண்ட் சொல்வார்கள், ஏறக்குறைய 340 நியூட்டன் மீட்டர். கைச்சாவியால் மூச்சுப்பிடித்து இறுக்கினாலும் அது வராது. சாதாரணக் குண்டுக்கு மெல்லிய கிரீஸ் போடலாம். உராய்வுப் பட்டைகளால் ஆட்டத்தை அடக்கும் மூக்கு என்றால் ஒரு சொட்டு கிரீஸும் கூடாது, பெயின்ட்கூடத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும்.

செம்மண் சாலை, சலவைப்பலகை மாதிரி வரிவரியான பாதை என்று போகிறவர்கள் குண்டை விட்டுவிட்டு டிஓ35, மெக்ஹிட்ச் போன்ற எல்லாத் திசையும் வளையும் மூக்குகளுக்கு மாறுவார்கள். தார்ச்சாலையிலேயே ஓட்டப்போகிற இரண்டு வார விடுமுறைக்கு அது வீண்செலவு.

ஆட்டம் பற்றி. பெர்த்துக்கு வடக்கே 53.5 மீட்டர் நீளம் வரை சாலை ரயில்கள், அதாவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரிகள், ஓடுகின்றன. அப்படி ஒன்று கடக்கும்போது காற்று முதலில் கேரவனைத் தள்ளும், அப்புறம் உள்ளே உறிஞ்சும். சரியாக ஏற்றிய கேரவன் ஒருமுறை அசைந்து நின்றுவிடும். பின்முனையில் பாரம் உள்ள கேரவன் நிற்காது. 20 கிலோப் பெட்டியை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் சுழலும் எதிர்ப்புக்கு அதன் பங்கு 20 பெருக்கல் 0.5இன் வர்க்கம், அதாவது 5. அதே பெட்டியைப் பின்பம்பரில், 3 மீட்டர் தள்ளி வைத்தால் 180. பெட்டி ஒன்றே, 36 மடங்கு. அதன்மேல், பின்னால் தொங்கும் பாரம் குண்டு எடையையும் குறைக்கிறது. 40 கிலோ சைக்கிள்களை அச்சுக்கு 2.6 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், குண்டுக்கும் அச்சுக்கும் 4.5 மீட்டர் உள்ள கேரவனில் 23 கிலோ குண்டு எடை போய்விடும். உராய்வுத் தண்டோ மின்னணு ஆட்டத்தடுப்போ வாங்குவதற்கு முன் சைக்கிளை இடம் மாற்றிப் பாருங்கள். மின்னணு ஆட்டத்தடுப்பு நல்ல கருவிதான், கேரவன் பிரேக்கைத் தானே பிடித்து இழுத்து நேராக்கும். தப்பான ஏற்றத்தை மறைக்க அதை வைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. உராய்வுத் தண்டு வைத்திருந்தால் பின்னோக்கி ஓட்டும் முன் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வளையும்.

ஆடத் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கையருகே உள்ள கட்டுப்பாட்டுக் குமிழால் கேரவனின் பிரேக்கை மட்டும் இயக்குங்கள். அதனால்தான் அந்தக் குமிழ் ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும். அதன் அளவைக் காலியான உலர்ந்த சாலையில், 40 கி.மீ. வேகத்தில், குமிழை மட்டும் அழுத்திச் சரிசெய்யுங்கள். கேரவன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜி.டி.எம். 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை. 2,000 வரை ஒரு அச்சிலாவது வேண்டும். 2,000க்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். அதோடு கேரவன் கழன்று ஓடினால் தானே பிரேக் பிடித்து 15 நிமிடம் தாங்கும் அமைப்பும் இருக்க வேண்டும். அந்த அமைப்பின் கம்பியைக் காரின் உடலோடு மாட்டுங்கள். குண்டுத் தண்டிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், தண்டு பிடுங்கிக்கொண்டு போகும்போது கம்பியும் கூடவே போய்விடும், பிரேக்கைத் தூண்டும் ஊசி இழுபடாது. ஏ.டி.எம். 2,500க்கு மேல் காரோடு கேரவனைப் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழும் இரண்டு போடுவதில் தவறில்லை. குறுக்காகப் போடுங்கள். மூக்கு கழன்றால் தரையில் குத்தாமல் தொட்டில் மாதிரி தாங்கும். திருப்பத்தில் இழுக்காத அளவு தளர்வு, தரையில் உரசாத அளவு இறுக்கம். மலையேறிகள் மாட்டும் கொக்கி வேண்டாம், எடை பொறித்த டி-ஷாக்கிள் என்கிற டி வடிவ இரும்பு வளையம் மட்டும்.

மின்சாரச் செருகியில் பெரும்பாலும் 7 முனைத் தட்டையோ 12 முனைத் தட்டையோ இருக்கும். அமெரிக்க உருண்டைச் செருகி அதில் நுழையாது. விளக்கு எரியவில்லையென்றால் முதலில் வெள்ளைக் கம்பியைப் பாருங்கள், அதுதான் தரைக்கம்பி. இடது சமிக்ஞை போட்டால் வேறு விளக்கும் மங்கலாக மினுங்குவது பெரும்பாலும் அதன் கோளாறு. மஞ்சள் இடது, பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு பின்விளக்கு, நீலம் மின்பிரேக்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் வேகப் பலகை மணிக்கு 110 கி.மீ. காட்டினாலும் கேரவன் இழுக்கும்போது 100தான். நியூசிலாந்தில் 90. பெர்த்தை விட்டுக் கிழக்கே போனால் திரும்பி வரும்போது கிரீன்மவுண்ட் இறக்கம் இருக்கிறது. மேலேயே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாதி இறக்கத்தில் குறைத்தால் பிரேக் ஏற்கெனவே சூடாகியிருக்கும். முதல் 50 கி.மீ. தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி, சக்கர நட்டுகளைச் சாவி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அந்தப் பக்கத்துப் பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது.

சாங்கியில் பெட்டி போடும்போது ஹிட்ச், குண்டு, செருகி எதுவும் அதில் வேண்டாம். அங்கேயே, அந்தக் காருக்கும் அந்தக் கேரவனுக்கும் அளந்து வாங்குங்கள். பெட்டியில் ஒரு அளவுநாடா, ஒரு டயர் காற்றழுத்தமானி, எண்களைக் குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு.